பி0420 வந்தால் கன்வேட்டரை மாற்றத்தான் வேண்டுமா? (2012 விட்ஸ், பரந்தன்)

பரந்தன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அண்மையில் 2012 டொயோட்டா விட்ஸ் ஒன்று வாங்கினேன். மூன்று சிலிண்டர், 1.0 எஞ்சின். தெற்கில் ஒரு விற்பனையாளரிடம் எடுத்தது. பார்க்கப் போன அன்று டாஷ்போர்டில் ஒரு லைட்டும் இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து கொஞ்ச நாள் ஓடியதும் எஞ்சின் லைட் எரியத் தொடங்கிவிட்டது. பக்கத்துக் கராஜில் ஸ்கானர் போட்டுப் பார்த்தார்கள், பி0420 என்ற பழுதுக் கோட் வந்தது. “புகையின் நஞ்சைக் குறைக்கும் கன்வேட்டர் பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்றார்கள். சொன்ன விலை லட்சத்தைத் தாண்டுகிறது. பழையதைத் தங்களிடமே விட்டால் கொஞ்சம் குறைப்பார்களாம்.

கோட்டை அழித்துத் தந்தார்கள், திரும்பவும் வந்துவிட்டது. இழுவையில் குறை இல்லை. பெற்றோல் கொஞ்சம் கூடப் போகிறதோ என்று ஒரு சந்தேகம். காசைக் கொடுக்க முதல் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பு77:

தம்பி, லட்சம் எல்லாம் கொடுக்காதேயும். கன்வேட்டரைக் கழற்றி உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெறும் பெட்டியைத் திருப்பிப் பூட்டச் சொல்லும். கன்வேட்டருக்குப் பின்னால் உள்ள சென்சரைப் புகையில் இருந்து தள்ளி வைக்க ஒரு ஸ்பேசர் போட்டால் லைட்டும் வராது. எங்கள் பக்கம் கன பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

வவுனியா_கராஜ்:

பரந்தன் தம்பி, தயவுசெய்து எதையும் கழற்ற விட வேண்டாம். பழைய கன்வேட்டரை யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. பழையதைத் தந்தால் விலை குறைப்போம் என்பதன் காரணம் அதுதான்.

முதலில் இந்தக் கோட் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். “முதல் வரிசைச் சிலிண்டர்களுக்கான கன்வேட்டரின் செயல்திறன் எல்லைக்குக் கீழே தெரிகிறது.” அவ்வளவுதான். “கன்வேட்டர் செத்துவிட்டது” என்று அது சொல்லவில்லை. வி6 போல இரண்டு வரிசை உள்ள எஞ்சினில் மற்றப் பக்கத்துக்கு பி0430 வரும். உங்களுக்கு ஒரே வரிசைதான்.

இந்த முடிவுக்கு எஞ்சின் கணினி எப்படி வருகிறது என்பது விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும். கன்வேட்டருக்கு முன்னால் ஒரு ஒக்சிசன் சென்சர், பின்னால் ஒன்று. எஞ்சின் கலவை எப்போதும் ஒரு கணம் பெற்றோல் கூடி, மறு கணம் குறைந்து என்று ஆடிக்கொண்டே இருக்கும். முன் சென்சர் அந்த ஆட்டத்தை அப்படியே காட்டும். கன்வேட்டருக்குள் இருக்கும் பீங்கான் கட்டையில், அதைத்தான் ஹனிகோம் என்கிறோம், விலை கூடிய அந்த உலோகங்களோடு சீரியம் ஒக்சைட்டும் பூசியிருக்கிறது. ஒக்சிசன் கூட வரும்போது அது பிடித்து வைக்கும், குறையும்போது விடும். இரணைமடுக் குளம் மாரி வெள்ளத்தைத் தேக்கிச் சிறுபோகத்துக்கு விடுவது போலத்தான். மேலே மழை எப்படிப் பெய்தாலும் வாய்க்காலில் தண்ணீர் ஒரே அளவாகப் போகும். அதனால் நல்ல கன்வேட்டருக்குப் பின்னால் உள்ள சென்சர் 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் பெரிதாக ஆடாமல் நிற்கும். தேக்கும் சக்தி போய்விட்டால் பின் சென்சரும் முன் சென்சரைப் போல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் கணினி பி0420 எழுதுகிறது. அதுவும் ஒரே தடவையில் லைட் போடாது. முதல் ஓட்டத்தில் கண்டால் நிலுவைக் கோட்டாக வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் லைட் எரியும்.

பின் சென்சர் ஆடுவதற்குக் கன்வேட்டர் பழுதானது ஒரு காரணம். சைலென்சர் பாதையில் எங்கோ காற்று உள்ளே இழுபடுவது இன்னொன்று. சென்சரே பிழையாகக் காட்டலாம், கலவை பிழையாக இருக்கலாம், ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் கன்வேட்டரை மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

உங்களிடம் ஸ்கானர் இருக்கிறதா? இல்லையென்றால் ஈஎல்எம்327 என்கிற ப்ளூடூத் டோங்கிள் ஒன்று வாங்குங்கள், போனிலேயே பார்க்கலாம். ஜப்பானில் உள்நாட்டுக்கென்று செய்த வண்டிகளில் 2008க்கு முந்தைய சிலவற்றோடு அது பேசாது. உங்களுடையது 2012, பிரச்சினை இருக்காது. வாங்கியதும் கோட்டை அழிக்காமல் இவற்றைப் பார்த்து எழுதுங்கள்:

வேறு கோட் ஏதாவது, முக்கியமாக நிலுவைக் கோட். பி0300 தொடக்கம் பி0303 வரை ஏதாவது இருந்தால், அதாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால், அதுதான் முதல் வேலை. பிறகு ஃப்ரீஸ் ஃப்ரேம். லைட் எரிந்த அந்தக் கணத்தில் வேகம், எஞ்சின் சூடு, சுமை எவ்வளவு என்று கணினி பதிந்து வைத்திருக்கும். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். பிறகு ஐட்லிங்கிலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் ஃபியூல் ட்ரிம், அதாவது கணினி பெற்றோலை எத்தனை வீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. கடைசியாகப் பின் சென்சர் வோல்ட், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு.

ஒட்டுசுட்டான்_ரொறன்ரோ:

ஸ்கானர் வாங்கினால் இன்னொன்றையும் பாருங்கோ. “கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்” என்று ஒரு தரவு இருக்கும். பக்கத்திலேயே “ரெடினஸ்” என்று ஒரு பக்கம். கணினி தனக்குத்தானே செய்யும் பரிசோதனைகளில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று அதில் தெரியும். யாராவது கோட்டை அழித்தால் இவை எல்லாம் பூச்சியத்துக்குப் போய்விடும். கன்வேட்டர் பரிசோதனை முடியக் கனக்க ஓட்டம் வேண்டும். அதனால்தான் வாங்கும்போது லைட் இல்லாமல் இருந்து, வீட்டுக்கு வந்த பிறகு எரிகிறது.

இங்கே ஒன்ராறியோவில் கார்களுக்கான புகைப் பரிசோதனையை 2019இல் நிறுத்திவிட்டார்கள். அது இருந்த காலத்தில் இதைத்தான் பார்ப்பார்கள். கோட்டை அழித்துவிட்டுக் கொண்டுபோனால் ரெடினஸ் முடியவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஊரில் பழைய வண்டி வாங்கப் போகிற ஆட்கள் எல்லாம் ஒரு டோங்கிளைச் சட்டைப் பையில் கொண்டு போகவேணும் என்பது என் ஆசை. 2020இல் இறக்குமதி நின்ற பிறகு ஊரில் பழைய கார் விலை எங்கே போனது என்று தெரியும்தானே. அவ்வளவு காசைக் கொடுத்து எடுக்கிற பொருள். அழித்து முப்பது நாற்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று தெரிந்தால், ஏன் அழித்தீர்கள் என்று நேரே கேட்கலாம்.

பழைய_ஒஸ்டின்:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் மண்ணெண்ணெயில்தான் கார் ஓடினோம். நாலு துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒஸ்டின், மொரிஸ் எல்லாம் தாங்கின. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போதும் கொஞ்சம் கலந்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கானில் வாங்கிய பெற்றோலில் என்ன கலந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பிள்ளையின் காருக்கும் அப்படி ஏதாவது நடந்திருக்குமா என்பது என் கேள்வி.

வவுனியா_கராஜ்:

நல்ல கேள்வி ஐயா. அந்தக் கார்களில் கார்பரேட்டர், அமுக்கம் குறைந்த எஞ்சின், கன்வேட்டரும் இல்லை. அந்த நாள் மெக்கானிக்குகளின் கெட்டித்தனம் எனக்கும் பெரிய மதிப்பு. ஆனால் இன்றைய காரில் அதைச் செய்ய முடியாது.

கன்வேட்டருக்கு நேரடி நஞ்சு ஈயம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது, அந்தப் பயம் இல்லை. மண்ணெண்ணெய் ஈயத்தைப் போல உடனே கொல்லாது. ஒக்டேன் குறைவதால் எஞ்சின் தட்டும், முழுதாக எரியாது, பிளக்கிலும் சென்சரிலும் கரி படியும். எரியாத மிச்சம் கன்வேட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே வழமையாக 400இல் இருந்து 800 பாகை வரைதான் சூடு. எரியாத பெற்றோல் தொடர்ந்து போனால் 1000ஐயும் தாண்டும். அப்போது பூச்சு சேர்ந்து கட்டியாகி வேலை செய்யும் பரப்புக் குறைந்துவிடும். இன்னும் கூடினால் பீங்கானே உருகி வழியை அடைக்கும்.

எல்லாரும் மனதில் வைக்க வேண்டியது: எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, கன்வேட்டர் அந்த நேரத்திலேயே பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலை எடுத்து, ஓரமாக நிறுத்த வேண்டும். “வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்” என்று மாங்குளத்தில் இருந்து பரந்தன் வரை ஓடினால், ஒரு இக்னிஷன் கொயில் விலையில் முடிய வேண்டியது கன்வேட்டர் விலைக்குப் போகும்.

மற்றது ஒயில். தேய்ந்த எஞ்சின் ஒயில் குடித்தால் அதில் உள்ள பொஸ்பரசும் சிங்கும் மெல்ல மெல்லப் பூச்சை மூடும். ஹெட் காஸ்கெட் கசிந்து கூலன்ட் எரிந்தாலும் அப்படித்தான். இவை திரும்பி வராத பாதிப்புகள். எரிபொருளில் உள்ள கந்தகத்தால் வரும் மந்தம் மட்டும் நல்ல சூட்டில் நீண்ட தூரம் ஓடினால் ஓரளவு விலகும்.

புதுக்குடியிருப்பு77:

நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் கூலி வேலை செய்து லீசிங் கட்டுகிற ஆள் லட்சத்துக்கு எங்கே போவான்? இடித்து எடுத்த கார்கள் ஓடத்தானே செய்கின்றன? புகைப் பரிசோதனையிலும் பாஸ் ஆகின்றன.

வவுனியா_கராஜ்:

காசில்லாத கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு நாளும் கராஜ் வாசலில் அதைப் பார்க்கிறேன். அதனால்தான் காசு செலவில்லாத பரிசோதனைகளை முதலில் செய்யுங்கள் என்கிறேன்.

இடித்து எடுக்கும் வேலையை நான் செய்வதில்லை. கேட்டு வருபவரிடம் காரணத்தையும் சொல்லிவிடுவேன். அந்தப் பெட்டி கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத பெற்றோல் ஆவியையும் நைட்ரஜன் ஒக்சைட்டையும் நஞ்சு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. அதை எடுத்தால் பின்னால் சைக்கிளில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளை அந்த நஞ்சைச் சுவாசிக்கும். பின் சென்சர் லைட் போடுவதற்கு மட்டும் இருப்பதில்லை, கலவையைத் திருத்தவும் கணினி அதைக் கேட்கிறது. ஸ்பேசர் போட்டு அதை ஏமாற்றினால் அந்தத் திருத்தமும் பிழைக்கும். பிறகு அந்த வண்டியை விற்கும்போது வாங்குபவருக்கும் அதே பொய்தான் கைமாறும்.

உண்மையிலேயே காசில்லை, பி0420 மட்டும்தான் இருக்கிறது, வழி அடைபடவில்லை என்றால் லைட் எரிந்தபடியே ஓடலாம். எஞ்சினுக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் ஏற்கெனவே எரிகிற லைட் புதுக் குறையைக் காட்டாது. ஆகவே கிழமைக்கு ஒரு தடவை டோங்கிளைப் போட்டு வேறு கோட் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பரந்தன்காரன்:

எல்லாருக்கும் நன்றி. டோங்கிள் வாங்கிப் பார்த்தேன். கோட் பி0420 மட்டும், நிலுவையில் ஒன்றும் இல்லை. நீண்டகால ட்ரிம் ஐட்லிங்கில் +12, 2500 சுற்றில் +4. பின் சென்சர் ஐட்லிங்கில் 0.1க்கும் 0.8க்கும் இடையில் ஆடுகிறது. 2500இல் கொஞ்ச நேரம் பிடித்தால் 0.7 பக்கம் வந்து நிற்கிறது. மெதுவாகத்தான் அசைகிறது.

இன்னொன்று, காலையில் எழுப்பியதும் முன்பக்கத்தில் “டிக் டிக்” என்று ஒரு சத்தம். சூடேறியதும் போய்விடுகிறது. வால்வுச் சத்தம் என்று சொன்னார்கள்.

வவுனியா_கராஜ்:

தம்பி, இது நல்ல செய்தி. உங்கள் கன்வேட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. செத்ததாக இருந்தால் 2500இலும் அது நின்று பிடிக்காது.

ட்ரிம் +12 என்றால் கணினி பெற்றோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, காற்று அதிகம் என்று நினைக்கிறது. 5க்குள் இருந்தால் கவலை இல்லை, 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். ஐட்லிங்கில் கூடி, வேகத்தில் குறைவதால் எங்கோ கசிவு. இன்டேக் பக்கமாகவும் இருக்கலாம். ஆனால் குளிரில் கேட்டுச் சூட்டில் மறைகிற “டிக் டிக்” எக்ஸோஸ்ட் கசிவின் அடையாளம். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிவிடும். வெளியே புகை போகிற இடுக்கால் உள்ளே காற்றும் வரும், அழுத்தம் குறைகிற ஒவ்வொரு கணமும் இழுபடும். சென்சருக்கு முன்னால் அப்படி இழுபட்டால், கலவையில் ஒக்சிசன் கூட என்று அது பொய் சொல்லும். கணினியும் நம்பிப் பெற்றோலை ஊற்றும். உங்கள் பெற்றோல் சந்தேகத்துக்கும் பதில் அதுவாக இருக்கலாம்.

நாளைக் காலை, எஞ்சின் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஒருவர் எழுப்ப, இன்னொருவர் தடித்த ஈரத் துணியால் சைலென்சர் வாயைச் சில விநாடி அரைவாசி மறைக்க வேண்டும். மூன்றாமவர், புகையை வெளியே எடுக்கும் மெனிபோல்ட் குழாய் எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்திலும் குழாய் மூட்டான ஒவ்வொரு பிளாஞ்சிலும் சவர்க்காரத் தண்ணீரைத் தெளிக்கட்டும். குமிழி வருகிற இடம்தான் கசிவு. கறுப்புக் கரிக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடேறிய பிறகு கை வைக்க வேண்டாம், தோல் உரிந்துவிடும். கன்வேட்டர் ஓட்டில் வெட்டி ஒட்டிய வெல்டிங் அடையாளம் இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

பின் சென்சரையும் சோதித்துவிடலாம். சூடான எஞ்சினில் ஒரு தடவை அக்சிலரேட்டரைச் சடாரென்று அமத்தினால் 0.8க்கு மேல் பாய வேண்டும். ஓடும்போது அதில் இருந்து காலை எடுத்து வேகம் இறங்கவிட்டால் பெற்றோல் நிற்கும், அப்போது பூச்சியத்துக்குக் கிட்ட விழ வேண்டும். இரண்டும் கெதியாக நடந்தால் சென்சர் நல்லது, அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

மல்லாவி_டீச்சர்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பழைய இந்திய ஓல்டோ. வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போய் வருவது மட்டும்தான், குறுகிய தூரம். எனக்குக் கோட் வரவில்லை. ஆனால் கிரவல் பாதையில் போகும்போது அடியில் கலகலவென்று ஒரு சத்தம், அதோடு இப்போது இழுவையும் குறைந்திருக்கிறது. இதுவும் இந்தப் பிரச்சினையா?

பரந்தன்காரன்:

கண்டுபிடித்துவிட்டோம்! மெனிபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் குமிழி. ஒரு நட்டே இல்லை. காஸ்கெட் ஒரு ஓரத்தில் எரிந்து, அதன் மேல் யாரோ சிலிக்கன் பூசி மூடியிருக்கிறார்கள். கன்வேட்டரில் வெல்டிங் ஒன்றும் இல்லை, கொம்பனியில் வந்த மூட்டு அப்படியே இருக்கிறது. பின் சென்சர் நீங்கள் சொன்ன இரண்டு சோதனையிலும் சரியாக வேலை செய்தது. “கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்” பார்ப்பதற்குத்தான் வழியில்லை, கராஜில் அழித்ததால் பழைய கணக்குப் போய்விட்டது.

வவுனியா_கராஜ்:

சிலிக்கனை முழுதாகச் சுரண்டி எடுங்கள். சாதாரண சிலிக்கன் அந்தச் சூட்டில் எரிந்து, அதன் ஆவி ஒக்சிசன் சென்சரின் முகத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். காஸ்கெட் ஒரிஜினலே போடுங்கள், விலை பெரிதாக இல்லை. ஸ்டட் நூல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். நட்டுகளை நடுவில் இருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக, டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

பிறகு கோட்டை அழித்து ஏ9 வீதியில் ஒரு நீண்ட ஓட்டம். சூடேறியதும் 60, 70இல் ஒரே சீராக மாங்குளம் பக்கம் போய் வாருங்கள். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதைத் திரும்பி வரும்போது வையுங்கள், போகும்போது நிறுத்தினால் பரிசோதனை பாதியில் விடும். ஒரே நாளில் முடியாவிட்டாலும் சில நாள் ஓட்டத்தில் முடியும்.

டீச்சர், உங்களுடையது வேறு கதை. எஞ்சின் ஆறிய பிறகு கன்வேட்டரை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே கல் உருளுவது போலச் சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் வெளியே உள்ள வெப்பத் தகடு கழன்று ஆடுவதாக இருக்கும், ஒரு கிளிப்போடு முடியும். இழுவை குறைந்திருப்பதால் அடைப்பையும் பார்க்க வேண்டும். முன் ஒக்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பூட்டுவோம். ஐட்லிங்கில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும் 2500இல் மூன்றுக்குள்ளும் இருக்க வேண்டும். கூடினால் வழி அடைபட்டிருக்கிறது. அடைபட்டதோடு ஓடுவது எஞ்சினுக்குக் கூடாது, பி0420 மட்டும் உள்ள காரைப் போல அதை விட்டுவைக்க முடியாது.

பரந்தன்காரன்:

காஸ்கெட் மாற்றி ஓடிப் பார்த்தேன். காலைச் சத்தம் இல்லை. ட்ரிம் ஐட்லிங்கில் +3. பின் சென்சர் ஐட்லிங்கிலும் 0.65 பக்கம் நிற்கிறது. இன்று ரெடினஸ் பக்கத்தில் கன்வேட்டர் பரிசோதனை “முடிந்தது” என்று வந்துவிட்டது, நிலுவைக் கோட் இல்லை. பிளக்குகளைக் கழற்றியபோது இரண்டாவது சிலிண்டரில் மட்டும் நுனி கொஞ்சம் ஈரமாக, கறுப்பாக இருந்தது. அது ஒயிலா?

வவுனியா_கராஜ்:

சந்தோஷம் தம்பி. அந்தப் பிளக்கை அலட்சியமாக விட வேண்டாம். தொட்டால் வழுக்கினால் ஒயில், காய்ந்த கரி என்றால் அந்தப் பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் கொயில் பலவீனமாக இருக்கலாம். இரண்டாவது கொயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் பூட்டிப் பிளக்குகளைத் துடைத்துவிடுங்கள். அடுத்த ஒயில் மாற்றத்தின்போது பாருங்கள், கரி மூன்றாவதுக்குப் போயிருந்தால் கொயில்தான். இரண்டாவதிலேயே இருந்தால் சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்வோம். அதுவரை ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து ஒயில் அளவை எழுதி வையுங்கள்.

டீச்சர், ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தீர்களா?

மல்லாவி_டீச்சர்:

பார்த்தோம் அண்ணா. உள்ளேதான் உருளுகிறது.

வவுனியா_கராஜ்:

அப்படியென்றால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் மெதுவாக ஓட்டி, விடுமுறை நாளில் கொண்டு வாருங்கள். அழுத்தத்தை அளந்து, பிளக்கையும் பார்த்து, எது உடைத்தது என்று தெரிந்த பிறகு கன்வேட்டரைத் தேடுவோம். ஜப்பானில் இருந்து வந்த பழைய உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும், ஆனால் உள்ளே டோர்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. ஒரு பக்கம் வெளிச்சம் விட்டால் மறுபக்கம் சின்னச் சின்னத் துளைகள் எல்லாம் திறந்து தெரிய வேண்டும். வெறும் பெட்டியையும் விற்கிறார்கள். உங்கள் வண்டிக்குப் பொருந்துவது எது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். உடைந்ததைக் கழற்றினால் அதை உங்கள் கையிலேயே தந்துவிடுவேன். எடை போட்டு விற்பது உங்கள் விருப்பம்.